எட்டு மூடி ஆயில்

சவேரி செத்த அன்றைக்கு அவன் வண்டி விட்ட புகை கலையவில்லை. இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும், எனக்கென்ன வந்தது, முள்ளிவலசைக்கு வந்து யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். அவன் வீட்டு வாசலில் தொடங்கி, என் இட்லிக் கடைத் திருப்பத்தில் வளைந்து, மாதா கோயிலைச் சுற்றி, வடக்கு ரோட்டில் ஏறி, உப்பாற்றுப் பாலத்தைத் தாண்டி, அவன் விழுந்த வளைவு வரைக்கும் பதினோரு கிலோமீட்டர் நீளத்துக்கு, முழங்காலுக்கு மேலே இடுப்புக்குக் கீழே, ஊர்ப் பக்கம் நீலமாக, அந்தப் புகை அப்படியே நின்றது. கடல்காற்று அடித்தது, நின்றது. பஸ் ஊடே புகுந்து போனது, விலகிக் கொடுத்துவிட்டு மறுபடி ஒன்று சேர்ந்து நின்றது. முழுசாக முப்பது நாள் நின்றது.

அடக்கம் முடிந்து வந்த அன்று எங்களுக்கு அது தெரியவில்லை, சாம்பிராணிப் புகை என்று நினைத்துக்கொண்டோம். மறுநாள் விடிந்தும் இருந்தது. அதற்கு மறுநாள் பெட்டிக்கடை செபஸ்தியான் ஒரு முறத்தை எடுத்து வந்து வீசிப் பார்த்தான், கை ஓய்ந்ததுதான் மிச்சம். மூன்றாம் நாள் ஊர் அதைப் பழகிக்கொண்டது. எங்கள் ஊர் எதையும் மூன்று நாளில் பழகிக்கொள்ளும், சுனாமியையே பழகிக்கொண்ட ஊர். புகைக்கோடு வாசலை மறித்து நின்ற வீட்டுப் பெண்கள் சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் வழி விடு சவேரி" என்று சொல்லித் தாண்டிப் போனார்கள். அதில் மீன்வாடை கலந்திருந்ததால் ஊர்ப் பூனை எல்லாம் வரிசையாக அதன் ஓரம் உட்கார்ந்துகொண்டது. கொசு அண்டவில்லை என்று கண்டுபிடித்ததும் கிழவர்கள் சாயங்காலம் கயிற்றுக் கட்டிலைத் தூக்கி வந்து அதன் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார்கள். ரோட்டு வேலைக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் எழுதிக்கொள்ளாமல், புகைக்கு இரண்டு பக்கமும் வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். பங்குச் சாமியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், இதை மாதா செய்த புதுமை என்றும் சொல்ல வேண்டாம், பேய் என்றும் சொல்ல வேண்டாம், யாரும் அங்கே போய் மெழுகுவர்த்தி கொளுத்த வேண்டாம் என்றார். கொளுத்தினார்கள். அவர் எதைச் சொல்லித்தான் கேட்டிருக்கிறார்கள்.

சவேரி மீன்காரன். கரையில் ஏலம் எடுத்து, வண்டியின் பின்னால் மூன்று ஐஸ் பெட்டி கட்டி, சேந்தனேந்தல், பூவயல் என்று உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்கிறவன். ஆள் ஒல்லி, வாய் கொஞ்சம் நீளம், மனசு சுத்தம். அவன் பெண்டாட்டி லூர்தம்மாள், எங்களுக்கெல்லாம் லூர்து. கல்யாணமாகி ஆறு வருஷம், பிள்ளை இல்லை. அதற்கு ஊர் வாய் சும்மா இருக்கவில்லை, நானும் அந்த ஊர் வாயில் சேர்த்திதான், மறைப்பானேன். பிள்ளை இல்லாத வீட்டில் அந்த வண்டிதான் பிள்ளை. அவர்கள் கல்யாணத்துக்கு முந்தியே வாங்கின பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி, உதைத்தால் தெருவே எழுந்து உட்காரும்.

டூ ஸ்ட்ரோக் வண்டி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அதற்குப் பெட்ரோல் மட்டும் ஊற்றினால் ஆகாது. ஆயிலையும் அந்தப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்ற வேண்டும், அந்த ஆயில் வழுவழுப்பில்தான் உள்ளே பிஸ்டன் ஏறி இறங்கும். ஆயில் கூடிவிட்டால் பிளக்கில் கரி அடைத்து நடுவழியில் நின்றுவிடும், அது தொந்தரவோடு போகும். குறைந்துவிட்டால் உயிரோடு போகும். பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும், ஓடுகிற ஓட்டத்திலேயே பின் சக்கரம் பூட்டு போட்ட மாதிரி நின்றுவிடும், உட்கார்ந்திருக்கிறவன் எங்கே போய் விழுவான் என்று சொல்ல முடியாது. எங்கள் தெருவில் மட்டும் இப்படி வண்டி பதினாலு. எல்லாருக்கும் இது பாடம்.

விடியற்காலையில் ஆண்கள் ஏலத்துக்குக் கரைக்குப் போய்விடுவதால், பெட்ரோல் கலப்பது எங்கள் தெருவில் பெண்கள் வேலை. அளவுக்கு இருமல் மருந்துப் பாட்டில் மூடி. இரண்டு லிட்டர் கேனுக்கு எட்டு மூடி ஆயில். தூக்கக் கலக்கத்தில் எண்ணிக்கை தப்பிவிடக் கூடாது என்று, ஒரு மூடிக்கு ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லி ஊற்றுவார்கள், எட்டு மந்திரம் முடிந்தால் எட்டு மூடி. யார் ஆரம்பித்து வைத்தார்களோ, நல்ல புத்திசாலி. எண்ணிக்கையும் தப்பாது, மாதாவின் காவலும் கூட. அப்புறம் டேங்கில் ஊற்றி, ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு வண்டியை இடமும் வலமுமாக நாலு குலுக்குக் குலுக்குவார்கள். விடிகிற நேரத்தில் தெரு முழுக்க அந்த முணுமுணுப்பும் களக் களக் சத்தமும் கேட்கும். நான் இட்லிக் கொப்பரையை ஏற்றுகிற நேரமும் அதுதான்.

அவன் சாவதற்கு நாலு நாள் முந்தி லூர்து ஆயிலைக் கூட ஊற்றிவிட்டாள். பத்தோ பதினொன்றோ, என்ன ஞாபகத்தில் ஊற்றினாளோ. வண்டி பூவயல் தாண்டி ஆளில்லாத பொட்டலில் நின்றுவிட்டது, பிளக்கைக் கழற்றித் துடைத்துத் துடைத்து அவன் மாட்ட, ஐஸ் உருகி மீன் மொத்தமும் வீணாகிப் போனது. சாயங்காலம் வந்து வாசலில் நின்று கத்தினான் பாருங்கள் ஒரு கத்து, தெருவே வேடிக்கை பார்த்தது. எட்டு வரைக்கும் எண்ணத் தெரியாதவளை எனக்குக் கட்டி வைத்தார்களே என்று சொல்லிவிட்டான். அவள் ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கும் பேசவில்லை, அடுத்த மூன்று நாளும் பேசவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், ஆயில் கலந்தாள், வாயை மட்டும் திறக்கவில்லை. அவன் என் கடையில் வந்து உட்கார்ந்து, "அக்கா, அவ பேசாம இருக்கிறதுக்குப் பேசாம என்னைய ரெண்டு அடி அடிச்சிருக்கலாம்" என்று புலம்பினான். வேணும்டா உனக்கு என்று சொல்லி அனுப்பினேன்.

நாலாம் நாள் விடியலில் அவன் கரையிலிருந்து வந்து பெட்டி கட்டுவதை நான் திருப்பத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் கடையிலிருந்து அவர்கள் வாசல் இருபது எட்டு நடை இருக்கும். அவள் கடுங்காப்பி கொண்டுவந்து கொடுத்தாள், அவன் கன்னத்தில் ஒட்டியிருந்த மீன்செதிலை நகத்தால் எடுத்துவிட்டாள், என்னவோ சொன்னாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் வண்டியை உதைத்துக் கிளம்பி, என்னைத் தாண்டிப் போகும்போது, சமாதானம் ஆகிவிட்டது என்று கண்ணாலேயே சொல்லிவிட்டுப் போனான்.

அது அக்டோபர் மாதம். அக்டோபர் என்றால் எங்களுக்குச் செபமாலை மாதம், விடியற்காலை நாலரை மணிக்கே கோயில் ஸ்பீக்கரில் செபமாலை போட்டுவிடுவார்கள், ஐம்பத்து மூன்று அருள் நிறைந்த மரியே தெரு முழுக்க ஒலித்துக்கொண்டிருக்கும், யார் என்ன வேலையில் இருந்தாலும் வாய் தன்னால் கூடச் சொல்லும். நடந்தது என்னவென்று இப்போது எனக்குத் தெரியும். லூர்து கேனை எடுத்து வைத்தாள், மூடியைக் கையில் பிடித்தாள், ஸ்பீக்கரோடு சேர்ந்து வாய் எட்டு மந்திரத்தைச் சொல்லி முடித்தது, மந்திரம் முடிந்ததால் ஊற்றி முடித்தாயிற்று என்று கை நினைத்துக்கொண்டது. டேங்கில் ஊற்றி, குலுக்கியும் விட்டாள். அவள் மனசெல்லாம் இன்றைக்கு அவனோடு பேசிவிட வேண்டும் என்பதிலேயே இருந்திருக்கிறது. முந்தின நாள் மிச்சம் டேங்கின் அடியில் கொஞ்சம் கிடந்தது. அந்த ஆயிலில்தான் வண்டி அவ்வளவு தூரமே ஓடியது.

அவன் போய்க் கால் மணி நேரத்தில் திரும்பி வந்தான். வீட்டுக்குப் போகவில்லை, என் கடைத் திருப்பத்திலேயே வண்டியை நிறுத்தினான், இஞ்சினை அணைக்கவில்லை. ஸ்பீக்கர் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது. வண்டி ஆயில் ஏதாவது இருக்கிறதா என்று என்னைக் கேட்டான். என்னிடம் ஏது, நல்லெண்ணெய்தான் இருக்கிறது, ஏன் லூர்து ஊற்றவில்லையா என்று நான் கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன். அவன் வாயில் விரலை வைத்தான்.

"மறந்துட்டா போல இருக்கு, நாலு கிலோமீட்டர் போறதுக்குள்ள இஞ்சின் சத்தம் மாறிப் போச்சு. வீட்டுல ஊத்திக்கிடலாம்னுதான் திரும்புனேன். இப்பப் போயிச் சொன்னா அவ ஒடைஞ்சி போயிருவாக்கா. இன்னிக்கித்தான் மூஞ்சியக் காட்டிச் சிரிச்சிருக்கா. பாலத்துல காட்டுராசா கடையில ஒரு பாக்கெட்டு வாங்கி ஊத்திக்கிடுறேன். நான் திரும்பி வந்தத அவகிட்ட சொல்லிராதீங்க."

சொல்லிவிட்டும் போகவில்லை. வண்டியில் உட்கார்ந்தபடியே தன் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஸ்பீக்கரில் ஒரு பத்து மணி செபம், பத்து அருள் நிறைந்த மரியே, முடிகிற நேரம் நின்றிருப்பான். எனக்கு ஒரு கையில் மாவு, ஒரு கையில் துணி. இருபது எட்டுதான். லூர்து, இங்கே வா என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம், அவள் ஆயில் டப்பாவோடு ஓடிவந்திருப்பாள். நான் கொடுக்கவில்லை. பார்த்துப் போய்ட்டு வா என்றேன். இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், அவனிடம் கடைசியாகப் பேசினவள் நான்தான், நான் சொன்னது அந்த மூன்று வார்த்தைதான்.

காட்டுராசா மெக்கானிக். பாலத்து ஓரம் கடை, கடைக்குப் பின்னால் வீடு, எந்த நேரத்தில் தட்டினாலும் எழுந்து வருவான். அன்றைக்குப் பார்த்து அவன் மச்சினன் பிள்ளைக்குக் காது குத்து என்று குடும்பத்தோடு பரமக்குடிக்குப் போயிருந்தான். சவேரி அங்கே போய் நின்று, ஷட்டரைத் தட்டி, ஹாரன் அடித்துப் பார்த்திருக்கிறான். பெட்டியில் மீன், ஐஸ் உருகுகிறது, நாலு நாளைக்கு முந்திதான் மூன்று பெட்டியும் வீணாகியிருக்கிறது. மெதுவாகப் போய்விடலாம் என்று நினைத்திருப்பான். நாலு கிலோமீட்டர் போனான். வளைவில் சக்கரம் பூட்டிக்கொண்டது, பின்னால் லாரி வந்தது.

லூர்துவிடம் லாரி தட்டிவிட்டது என்று மட்டும் சொன்னோம். மற்றது எதையும் சொல்லவில்லை. கூடிப் பேசி முடிவெடுத்தோமா என்றால் இல்லை, தன்னால் எல்லார் வாயும் பூட்டிக்கொண்டது. வீட்டில் இருந்த ஆயில் டப்பாவைப் பார்த்தால் குறைந்திருக்கிறதா இல்லையா என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். அன்றைக்கு வந்த கூட்டத்தில் யார் காலோ பட்டு அது கவிழ்ந்து வாசலோடு ஓடிவிட்டது. வண்டியைப் போலீஸ் எடுத்துப் போயிற்று. அவளுக்கு மிச்சம் இருந்தது புகை ஒன்றுதான். எங்கள் ஊரில் புருஷனை இழந்தவள் முப்பதாம் நாள் பூசை வரைக்கும் வாசல்படி தாண்டக் கூடாது. வாசலில் நின்ற புகையை மட்டும்தான் அவளால் பார்க்க முடிந்தது, அது திக்காக நீலமாக இருந்தது. உதைத்துக் கிளப்பும்போது எந்த வண்டியும் அப்படித்தான் விடும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரியும். மீன்காரன் பெண்டாட்டி இல்லையா. போகப் போகப் புகை எப்படி இருக்கிறது, அதைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆயில் ஊற்றின வண்டி கடைசி வரைக்கும் நீலப்புகை விடும். ஊற்றாத வண்டியின் புகை மெலிந்துகொண்டே போய் நூலாகிவிடும்.

எங்களுக்கெல்லாம் அது நூலாகிப் போயிருந்தது தெரியும். அதனால் ஊரே மழையை எதிர்பார்த்தது. அக்டோபர் முடியப் போகிறது, மழை இறங்க வேண்டிய காலம், அவள் வெளியே வருவதற்குள் மழை வந்து புகையைக் கழுவிவிட்டால் அவளுக்கு ஒரு நாளும் தெரியாமல் போய்விடும். கருவாடு காயப்போட்டவர்கள்கூட மழைக்கு வேண்டிக்கொண்டார்கள். வானம் கறுக்கும், இடிக்கும், ஒரு சொட்டு விழாமல் கலைந்துவிடும். இந்த வானத்துக்கு அந்த மாசம் என்ன வீம்போ தெரியவில்லை.

இதற்கு நடுவில் நாங்களே காரியத்தைக் கெடுத்தோம். சவேரி செத்த பிறகு எங்கள் தெருவில் ஒரு ஆணும் பெண்டாட்டியை ஆயில் கலக்க விடவில்லை. ஏலத்துக்குப் போவதற்கு முந்தி அவனவனே எழுந்து மூடியை எண்ணி ஊற்றினான். பெண்கள் குரல் கேட்ட தெருவில் ஆண் குரல் கேட்டது, கரகரவென்று, பாதி மந்திரம் தப்பும் தவறுமாக. இருபதாம் நாளோ என்னவோ, நான் இட்லி கொண்டுபோய்க் கொடுத்தபோது லூர்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். இப்போதெல்லாம் ஏன் ஆம்பிளைகளே கலக்கிறார்கள் என்று கேட்டாள். குளிர் காலமாயிற்றே, பெண்கள் எழுந்திருக்கச் சுணங்குகிறார்கள் என்று என்னவோ உளறினேன். எங்கள் ஊரில் ஏது குளிர்காலம். அவள் என்னைப் பார்த்த பார்வையில் என் பொய் பொசுங்கிப் போயிற்று.

"அக்கா, அந்த எட்டு மந்திரத்தையும் நான் சொன்னேன், அது நல்லா ஞாபகமிருக்கு. வண்டியக் குலுக்குனது ஞாபகமிருக்கு. மூடியில ஆயில் ஊத்துனது மட்டும் ஞாபகத்துல இல்ல. எம்பூட்டு யோசிச்சாலும் வரல." ஜன்னலுக்கு வெளியே புகையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "மறந்துட்டேனா, இல்ல அவரு மேல இருந்த கோவத்துல மறந்த மாதிரி இருந்துட்டேனான்னு எனக்கே தெரியலக்கா. அது தெரியாம நான் எப்பிடிச் சோறு திங்கிறது?"

தட்டைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்த முப்பது நாளில் அவள் பாதியாகிப் போனாள், கையில் வளையல் இருந்திருந்தால் தன்னால் கழன்று விழுந்திருக்கும். ஊருக்கு ஒரு பயம், எனக்கு இரண்டு பயம். உண்மை தெரிந்தால் அவள் என்ன ஆவாளோ என்று ஒன்று. ஏன் கூப்பிடவில்லை என்று என்னைக் கேட்பாளே என்று ஒன்று. நாலைந்து பேர் காட்டுராசாவைப் போய்ப் பார்த்துச் சொல்லி வைத்தார்கள்: அவள் உன்னைத்தான் கேட்பாள், இஞ்சின் பழசு, தேய்ந்து போனது, ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிடு. அவன் தலையை ஆட்டினான். அவன் கடை ஷட்டருக்கு முன்னால் அந்தப் புகை ஒரு ஆள் நின்ற அளவுக்குத் தேங்கி நின்றது, அவன் தினமும் அதற்குள் கையை விட்டுத்தான் பூட்டைத் திறந்தான். மற்றவர்களைவிட அவன் நிலைமை மோசம்.

முப்பதாம் நாள் பூசை முடிந்தது. கோயிலை விட்டு வெளியே வந்த லூர்து வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, புகையைப் பிடித்துக்கொண்டு வடக்கே நடந்தாள். சொந்தக்காரர்கள் தடுத்தார்கள், அவள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு நான் பின்னாலேயே போனேன். வடக்கு ரோட்டில் முதல் நாலு கிலோமீட்டருக்குப் புகை இரண்டு கோடாக இருந்தது, ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். நாலாவது கல்லில் ஒரு கோடு திரும்பி வளைந்து வந்த வழியே போனது. குனிந்து அதன் வளைவைப் பார்த்துவிட்டு மறுபடி நடந்தாள். நிறம் அங்கேயே மாறத் தொடங்கியிருந்தது. பாலத்தில் காட்டுராசா கடைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான், கையைக்கூடத் துடைக்காமல் எங்களோடு சேர்ந்துகொண்டான். மூன்று பேரும் நடந்தோம். வளைவுக்குப் போகும்போது அந்தப் புகை ஒரு தையல் நூல் அகலத்துக்கு வந்துவிட்டது, வெயிலில் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரிந்தது. அப்புறம் அதுவும் இல்லை. அவள் அந்த இடத்தில் உட்கார்ந்து தாரைத் தடவிப் பார்த்தாள். பிறகு காட்டுராசாவை நிமிர்ந்து பார்த்தாள்.

அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததெல்லாம் மறந்து போயிற்று. பாவம், பொய் சொல்லத் தெரிந்தவனாக இருந்தால் அவன் ஏன் மெக்கானிக் வேலைக்கு வந்திருக்கப் போகிறான்.

"ஆயில் இல்ல தங்கச்சி," என்றான். "ஒரு சொட்டு விழுகல. நான் கடையில இருந்திருந்தா அவன் பொழைச்சிருப்பான். நான் இல்லாமப் போயிட்டேன்."

அவள் அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள். சவேரிக்குத் தெரியுமா என்று கேட்டாள். ஆயில் இல்லை என்பது தெரிந்துதான் போனானா, தெரியாமல் போனானா. காட்டுராசா என்னைப் பார்த்தான். அந்த இரண்டாவது கோடு எங்கே போய் நிற்கிறது என்று அவனுக்கும் தெரியும், அந்த இடத்தில் கடை வைத்திருக்கிறவள் யார் என்றும் தெரியும். முப்பது நாள் அடக்கி வைத்ததை நான் அங்கே ரோட்டோரத்தில் உட்கார்ந்து சொன்னேன். சவேரி திரும்பி வந்தது, ஆயில் கேட்டது, விரலை வைத்தது, நீ சிரித்துவிட்டாய் என்று சொன்னது, சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லும்போது நான்தான் அழுதேன்.

"எம்பூட்டு நேரம் நின்னாரு?" என்று கேட்டாள்.

"ஒரு பத்து மணி செபம் முடியிற நேரம்."

"வாசலப் பாத்துக்கிட்டா?"

"வாசலப் பாத்துக்கிட்டுத்தான்."

நான் பயந்த கேள்வியை அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு ஆறியிருக்கும், இன்றைக்கு வரைக்கும் ஆறவில்லை. அவள் எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, வந்த பஸ்ஸை நிறுத்தினாள்.

பஸ் கிளம்பியதும் மழை தொடங்கியது. நம்புகிறவர்கள் நம்பலாம், அது எங்களுக்குப் பின்னாலேயே வந்தது. வளைவிலிருந்து ஊரைப் பார்த்து, பஸ் போகிற வேகத்துக்குக் கொஞ்சம் பின்தங்கி, புகையைக் கழுவிக்கொண்டே வந்தது. பின் கண்ணாடி வழியாக நான் பார்த்தேன். காட்டுராசா கடையை மழை எட்டியபோது ஷட்டருக்கு முன்னால் நின்ற புகை கரைந்து சாக்கடையோடு போனது. அவன் பஸ்ஸில் உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டான். லூர்து மட்டும் திரும்பிப் பார்க்கவே இல்லை.

என் கடைத் திருப்பத்தில் இறங்கினோம். அங்கே அந்தப் புகை ஒரு பாய் விரிக்கிற அகலத்துக்கு வட்டமாகத் தேங்கி நின்றது, அவள் வாசலிலிருந்து பார்த்தால் தெரியாத அளவுக்கு மெலிசாக, இஞ்சின் ஓடியபடி நின்றதில் சேர்ந்தது. அவள் அதற்குள் போய் நின்றுகொண்டாள். அவன் எந்தப் பக்கம் பார்த்து நின்றான் என்று கேட்டாள், காட்டினேன். அந்தப் பக்கம் திரும்பித் தன் வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாசலில் ஒரு பிளாஸ்டிக் குடம், ஒரு விளக்குமாறு, சுவரில் சாய்த்து வைத்த மீன் பெட்டி, பாதி திறந்த கதவு. அவன் பார்த்ததும் இதைத்தான் பார்த்திருப்பான், அந்தக் கதவுக்குள்ளே அவள் இருந்திருப்பாள், அது ஒன்றுதான் வித்தியாசம்.

கோயில் பக்கம் மழைச் சத்தம் கேட்டுவிட்டது. மழைக்கு வேண்டிக்கொண்ட ஊர் அப்போது என்ன செய்தது என்கிறீர்கள். வலை மூடுகிற தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தது. செபஸ்தியான் ஒரு முனை, கிழவர்கள் மூன்று முனை, அவளுக்கும் புகைக்கும் மேலே விரித்துப் பிடிக்க முண்டியடித்தார்கள். இது ஒன்றாவது மிச்சம் இருக்கட்டும் என்று பெண்கள் குடை எடுத்து வந்தார்கள். அவள் கையைக் காட்டி வேண்டாம் என்றாள். முதல் சொட்டு அவள் தலையில் விழுந்தது.

அவள் ஒரு எட்டு வைத்தாள். முப்பது நாளாக ஒரு விரற்கடை நகராத அந்தப் புகையும் அவளோடு நகர்ந்தது. அவள் அவசரப்படவில்லை, நின்று போன வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறவனோடு கூட நடக்கிற மாதிரி, அதன் வேகத்துக்கு நடந்தாள். நாங்கள் தார்ப்பாயைப் பிடித்தபடி அப்படியே நின்றோம். பத்து எட்டு, பதினைந்து எட்டு. மழை இரண்டு பேர் மேலும் விழுந்துகொண்டிருந்தது, புகை அவள் இடுப்பளவு இருந்தது முழங்காலளவு ஆயிற்று, ஆனாலும் கூடவே போனது. இருபதாவது எட்டில் அவள் வாசல்படியில் கால் வைத்து, கதவை முழுக்கத் திறந்துவிட்டு, புகையைப் பார்த்துத் திரும்பினாள்.

"நான்தான் மறந்துட்டேன்," என்றாள். "உள்ள வந்து திட்டுங்க."